முனியப்பன் கறியும் நெஞ்சு பாரமும்

ஓசூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் முனியப்பனே உட்கார்ந்து வருகிறார் என்று நான், தலை நரைத்த மடையன், நம்பிவிட்டேன். காவேரிப்பட்டினத்தில் ஏறி அந்த சீட்டில் உட்கார்ந்த புருசன் பெண்டாட்டியின் பேச்சு அப்படி.

“ராத்திரி நெஞ்சு மேல ஏறி உக்காந்துச்சு புள்ள. மூஞ்சி இல்ல. மூச்சு மட்டும் கேட்டுச்சு.”

“நேத்து முனியப்பனுக்கு வெட்டுன கெடாக் கறிய கோயில் எல்லை தாண்டி எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னா, மிச்சத்தை எல்லாம் நீங்களே தின்னணுமா?”

“சாமி குத்தம் ஆயிடுச்சு. இனி வெறும் தண்ணிதான். பாரு, கை தானா ஆடுது. அதுதான் ஆட்டுது.”

நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். இரும்பைப் பிடித்தால் அண்டாதாம். கம்பியும் சேர்ந்து ஆடியது.

“சக்கரை மாத்திரைய முழுங்கிட்டு வெறும் வயித்தோட வந்தா ஆடாம என்ன பண்ணும்? எப்பவும் போல தின்னுங்க. கம்பெனியில மயங்கி மெஷினுக்குள்ள கைய விட்டீங்கன்னா?”

“நான் தின்னா அதுவும் தின்னுமே.”

“தின்னட்டும். டப்பால நாலு இட்லி இருக்குது. உங்களுக்கு ரெண்டு, அதுக்கு ரெண்டு.”

அவர் இரண்டு இட்லி தின்றார். சூளகிரி வருவதற்குள் கை நடுக்கம் நின்றது. மீதி இரண்டும் டப்பாவிலேயே இருந்தன.