கோயில் வாசலில் மருமகனை மறித்தது பற்றி

என் பெயர் கனகராஜ். தகப்பனார் பெயர் சடையன். வயது எழுபத்திரண்டு. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய லிந்தாங் ரப்பர் தோட்டம் மூன்றாம் டிவிஷனில், கதவு எண் பதினான்கில் குடியிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தேன். அறுபத்தொன்பது வயது வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போலீஸ் சார்ஜன் சுகுமாரன் இந்த வாக்குமூலத்தைத் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நானே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். "எழுதுங்க ஐயா, அவசரம் இல்ல" என்றார். மெதுவாகத்தான் எழுதுகிறேன். எழுத்து ஒழுங்காக வருகிறது. சந்தோஷமாக இருக்கிறது.

என் மகள் தினேஸ்வரிக்கு வயது முப்பத்து மூன்று. கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அவள் கணவர் ரூபன் லோரி ஓட்டுகிறார். மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

சென்ற ஜனவரியில் தினேஸ்வரி வேலையிடத்தில் பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது தலை பிளப்பதுபோல் வலித்து, கால் துவண்டு விழுந்தாள். கொஞ்ச நேரம் படுத்திருந்த பிறகு வலி விட்டுவிட்டது. அதன் பிறகு மறதி வந்தது. ஒரே மாலையில் இரண்டு முறை சோறு வடித்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் முனியாண்டி கோயிலில் நெற்றியைத் தரையில் வைத்துக் கும்பிட்டவள் அப்படியே சாய்ந்தாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. கோயில் தலைவர் சின்னையா, முனி இறங்கிவிட்டார் என்று சொல்லி அவள் கையில் வேப்பிலை கொடுத்தார். சற்று நேரத்தில் எழுந்தாள். நடந்தது ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. அருள் வந்தவர்களுக்கு நினைவிருக்காது என்பதால் எல்லோரும் நம்பினோம். நான் அந்தக் கோயிலில் உறுமி அடிப்பவன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் பிறகு வெள்ளிதோறும் வாக்குக் கேட்க ஆட்கள் வந்தார்கள். பாரிட் புந்தாரிலிருந்தும் வந்தார்கள். குனியவே பயமாக இருக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னாள். "முனி கூப்பிட்டா குனிஞ்சுதாம்மா ஆகணும்" என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு கிளினிக்கில் தலையை ஸ்கேன் எடுக்கக் கடிதம் கொடுத்தார்கள். மே பதினேழாம் தேதி ஈப்போவுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பே திருவிழாவுக்காக அவள் கையில் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டியவர் எல்லை தாண்டக் கூடாது. ரூபன் என்னிடம் வந்து, "மாமா, ரெண்டு மணி நேரம்தான். போயிட்டு உடனே வந்திடுறோம்" என்று கேட்டார். நான் விடவில்லை.

மே பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணியளவில் தினேஸ்வரி சன்னதியில் கும்பிட்டு விழுந்தாள். வாந்தி எடுத்தாள். அரை மணி நேரம் ஆகியும் எழவில்லை. குறட்டைபோல் மூச்சு வந்தது. சாமி மலையேறும்வரை யாரும் தொடக் கூடாது என்றார் சின்னையா. பந்தல் வேலையில் இருந்த ரூபன் ஓடி வந்து அவளைத் தூக்கினார். நான் உறுமியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்குப் போய், இரண்டு பக்க நிலையையும் பிடித்துக்கொண்டு மறித்தேன். "வழி விடுங்க மாமா. மூச்சு மாறுது" என்றார். நான் விடவில்லை. அவர் தோளால் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். எனக்குப் பின்னால் வாசல்படியில் வந்து நின்ற சின்னையாவின் மேல் நான் விழுந்தேன். கல்படியில் மோதி அவர் மணிக்கட்டு முறிந்தது.

ரூபன் கையால் தாக்கியதாகச் சின்னையா புகார் கொடுத்திருக்கிறார். ரூபனின் இரண்டு கைகளிலும் என் மகள் இருந்தாள். அவர் செருப்போடு உள்ளே வந்தது உண்மை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் ரஜிதா எனக்கு ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளையின் நடுவில், நீர் இறங்கும் வழியில், கூழ் நிறைந்த சிறு கட்டி. அதைக் கொலாய்டு கட்டி என்றார். "அது வழிய அடைக்கிறப்போ தண்ணி தேங்கி மூளைய அழுத்துது ஐயா. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நாங்க ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார். அன்றே மண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து நீரை வடித்தார்கள். மூன்றாம் நாள் அந்தத் துளை வழியாகக் கேமரா விட்டு, கூழை உறிஞ்சி, கட்டியின் தோலையும் எடுத்தார்கள். இப்போது தலைவலி இல்லை. புதிதாக நடப்பது மட்டும் மனதில் நிற்பதில்லை. சிலருக்கு அது மெல்லத் திரும்பும் என்கிறார்கள். மருந்து கொடுக்கவும் குளிக்க வைக்கவும் ரூபன்தான் இருக்கிறார். அவர் உள்ளே போனால் அவளுக்கு வேறு ஆள் இல்லை.

முதல் விசாரணையில், உறுமி அடித்துக்கொண்டிருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அது பொய்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினேஸ்வரி என்னிடம், "அன்னிக்கு என்னை யாருப்பா தூக்கிட்டுப் போனது?" என்று கேட்கிறாள். ரூபன் என்பேன். "நீங்க எங்கப்பா இருந்தீங்க?" என்பாள். உறுமி அடித்துக்கொண்டிருந்தேன் என்பேன். மறுநாள் அவளுக்கு அது நினைவிருக்காது. மறுபடியும் கேட்பாள். இதுவரை பதினோரு நாள் கேட்டுவிட்டாள். பதினோரு நாளும் அதையே சொன்னேன்.

நான் வாசலில் நின்றேன். அவளை வெளியே விடாமல் நின்றேன்.

இதை யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. எழுதியதை நானே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

ஒப்பம்,
ச. கனகராஜ்