கரண்ட் இல்லாத வருசங்கள்

புத்தூரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். என் முறை வருமுன் எண்ணெய் முடிந்துவிடுமோ என்ற பயத்தில், முன்னால் நின்ற தலைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள் திடீரென்று சொன்னாள்:

"எங்கடை பிரிட்ஜுக்கு இன்னும் ஒரு வயசும் ஆகேல்லை அக்கா."

"என்னடி விசர்க்கதை? உன்ரை கலியாணத்தோடை வாங்கினதெல்லே?"

"ஓம். பதினைஞ்சு வருசம் உழைக்குமெண்டு கடைக்காரர் சொன்னவர். வாங்கின கையோடை சண்டை வந்து கரண்ட் நிண்டுபோச்சு. ஓடாத வருசத்தை எப்பிடிக் கணக்கிலை சேர்க்கிறது?"

"அப்ப உன்ரை மனுசன் ஜெர்மனியிலை நிக்கிற வருசங்களையும் உன்ரை வயசிலை கழிச்சுப்போடு."

இருவரும் சிரித்தார்கள். வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"இப்ப அதுக்குள்ளை என்ன வைச்சிருக்கிறாய்?"

"அரிசியும் செத்தல் மிளகாயும். கதவு நல்ல இறுக்கம், எலி போகாது."

"கதவு ரப்பர் கவனம். பிரிட்ஜ் ஓடாட்டிலும் ரப்பர் காயும், பிறகு வெடிக்கும்."

இளையவள் எண்ணெய்க் கானை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"நல்லெண்ணெய் பூசித் துடைக்கிறனான் அக்கா."

"அது நல்லது. அவர் எப்ப வாறாராம்?"

"கரண்ட் வந்தாப்பிறகு வாறன் எண்டவர்."

மூத்தவள் அவளுடைய சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

"அடுத்த ஆள் வாங்கோ," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இளையவள் போகாமல் திரும்பி நின்றாள்.

"அக்கா, அந்த ரப்பர் எத்தினை வருசம் தாங்கும்?"