கால் வைத்த இஞ்சின்

“அந்தக் காலத்துல செஞ்ச ரயில் இஞ்சின் ஒண்ணுக்குப் பின்னாடி ரெண்டு காலு இருந்துச்சாம்,” என்றான் முன்சீட்டுக்காரன்.

கொடைக்கானலிலிருந்து இறங்கும் காலை பஸ். அவன் திண்டுக்கல்லில் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். மன்னவனூரில் பெண் எடுத்து, முதன்முறையாக ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப் போகிறான். புது இடத்தில் மூன்று மாதம் துணைக்கு இருக்க வந்த அவளுடைய சின்னம்மா, என் பக்கத்தில் மடியில் பூண்டு மூட்டையோடு கண்ணை மூடியிருந்தாள்.

“இஞ்சினுக்கு எதுக்குங்க காலு?” என்றாள் அவன் பக்கத்திலிருந்த புதுப்பெண்.

“தண்டவாளம் வழுவழுன்னு கெடக்கு, சக்கரம் வழுக்கும்னு பயந்துட்டாங்க. காலை ஊனித் தள்ளிக்கிட்டே போகுமாம்.”

“வழுக்குச்சா?”

“எங்க வழுக்க. இஞ்சினோட கனமே போதும்னு பொறவுதான் தெரிஞ்சுச்சு. அடுத்து வந்ததுக்கெல்லாம் காலே வைக்கல.”

இரண்டு வளைவு இறங்கியதும் அவள் ஜன்னலை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஏங்க, கீழ வத்தலக்குண்டுலருந்து திரும்ப மேல வர பஸ்ஸு இருக்கா?”

“யாருக்கு?”

அவள் தலையை லேசாகப் பின்சீட்டுப் பக்கம் சாய்த்துக் காட்டினாள். சின்னம்மாதான் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“பதினோரு மணிக்கு ஒண்ணு இருக்குடி. ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு வச்சுட்டேன்.”