ஒரு சுழி

நூலகத்துக்குள் நுழைந்தால் எனக்குத் தும்மல் வரும். மூன்றுக்குக் குறையாது. நாற்பது வருசம் வெடிமருந்துக்குள் கிடந்த மூக்கு இது. அதற்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. அரசாங்கம் அனுப்புகிற புத்தகத்தின் தூசிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் ஒரே கேள்விதான் கேட்டீர்கள், அய்யா. பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள் மருந்து ரூமுக்குள் எப்படிப் போனாள் என்று. சொல்கிறேன். ஆனால் நூலகத்திலிருந்து ஆரம்பித்தால்தான் அந்தப் பதில் வரும். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததை நானே வாசித்துப் பார்ப்பேன். வாசிக்காத தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

என் பெயர் சங்கிலிமுத்து. வயது எழுபத்திரண்டு. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து கலந்து, குழாயில் செலுத்தி, கடைசியில் போர்மேனாக இருந்து வெளியே வந்தவன். எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்கு நான்தான் வாசகர் வட்டத் தலைவர். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். நூலகத்துக்கு இடம் வேண்டும் என்று வந்தார்கள். ஓடைக்கரையில் மூன்று சென்ட் எழுதிக் கொடுத்தேன். அந்த இடத்தில் எள் விதைத்தால் எள் வராது, கழுதையைக் கட்டினால் கழுதை நிற்காது. அதைக் கொடுத்ததற்குக் கல்லில் என் பெயரை வெட்டினார்கள், தலைவராகவும் ஆக்கினார்கள். வாசிக்கிறவர்களுக்கெல்லாம் வாசிக்கத் தெரியாதவன் தலைவன். வந்த அதிகாரிகள் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. தீர்மானத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு.

நூலகத்தின் லட்சணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடல் மீன் வளர்ப்பைப் பற்றி ஏழு புத்தகம் வந்து இறங்கியது, ஏழும் ஒரே புத்தகம். எங்கள் ஓடையில் தவளைக்கே தண்ணீர் கிடையாது. கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கு ஊரை அள்ளிக்கொண்டு போகும். எட்டு மணிக்கு நூலகத்தைத் திறப்பார்கள். அலுத்துக் களைத்து ஆட்கள் வீடு திரும்பிச் சோறு பொங்கும் நேரத்தில் பூட்டுவார்கள். நடுவில் இரண்டு கிழவர்கள் ஒரு பேப்பரைப் பாதியாகக் கிழித்துப் படிப்பார்கள். ஆள் வரவில்லை என்றால் நூலகத்தை மூடிவிடுவோம் என்று மேலேயிருந்து கடிதம் வந்தது. அப்போது இருந்த நூலகர் கெட்டிக்காரர். வருகைப் பதிவேட்டில் அவரே பெயரை எழுதி நிரப்பினார். செத்துப்போன என் தம்பி செல்லச்சாமி மாதத்தில் இருபது நாள் வந்து படித்துக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தபோது அவன் டீக்கடைப் பலகையைக்கூடப் படித்ததில்லை.

அதன்பின் வந்தவள்தான் இசைவாணி. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயசு இருக்கும், ஸ்கூட்டியில் வருவாள். வந்த வாரமே செத்தவர்கள் பெயரையெல்லாம் அடித்துவிட்டாள்.

"ஆளு வரணும்னா ஆளு இருக்கிற நேரத்துல தெறக்கணும் பெரியப்பா. ஞாயித்துக்கெழம மத்தியானம் தெறப்போம்" என்றாள்.

"ஞாயித்துக்கெழம பொம்பளைக தலைக்கு ஊத்துவாளுகளா, ஒன் புத்தகத்தத் தூக்கிட்டு அலைவாளுகளா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் செய்வாக. ஈரத் தலையோட வந்து ஒக்காருவாக, பாருங்க."

வந்து உட்கார்ந்தார்கள். ஈரத் தலையோடுதான். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. சொன்னது நடக்கிற ஆளை நான் நம்புவதில்லை.

ஒரு மாதக் கூட்டத்தில் வழக்கம்போலத் தீர்மான நோட்டை இழுத்துக் கையெழுத்துப் போடப் போனேன். அவள் நோட்டின் மேல் கையை வைத்தாள். "வாசிச்சுட்டுப் போடுங்க பெரியப்பா. இதுல ஒங்க வீட்ட என் பேருக்கு எழுதி வச்சிருந்தா என்ன செய்வீக?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அப்படியென்றால் இத்தனை வருசமும் எவன் எதை எழுதிக்கொண்டு போனானோ. அன்றே எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன்.

அவள் எனக்கு அரிச்சுவடியை எடுத்து வரவில்லை. வருகைப் பதிவேட்டை விரித்து வைத்தாள். ஊர்ப் பெயர் என்றால் எழுத்து பிடிபடாவிட்டாலும் ஆள் பிடிபடும். ஆளை வைத்து எழுத்தைப் பிடிக்கலாம் என்றாள். அந்த மட்டுக்கு அவள் கெட்டிக்காரிதான். மு, ரு, க என்று மூன்று எழுத்து வந்ததுமே முருகம்மாள் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவாள். வாசித்து முடித்த பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னாள். வைத்துப் பழகினேன். நான்கு மாதத்தில் பதிவேட்டில் எனக்குத் தெரியாத பெயர் இல்லை.

இந்த முருகம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகன் முத்துப்பாண்டியிடம் வேலை பார்த்தாள். கம்பெனி லைசென்ஸ் வேறொருவர் பெயரில். அதில் ஆறு ரூமை மட்டும் என் மகன் உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தான். அது கூடாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எல்லாரும் தீபாவளி கொண்டாடுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இசைவாணி எங்கிருந்தோ ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்து பொம்பளைகளுக்குச் சத்தமாக வாசித்தாள். பட்டாசு வேலையின் விதிகள். மருந்து ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு கிழியாமல் இருக்க வேண்டும். எந்த வாசலையும் அடைக்கக் கூடாது. பேப்பர் படிக்கிற மாதிரி நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அதில் இருந்தது ஒன்றும் எனக்குப் புதிதில்லை. வாசிக்கத் தெரியாமலே நாற்பது வருசம் அந்த விதிகளை மீறியவன் நான்.

மறுநாள் ரூம் வாசலில் முருகம்மாள் என் மகனை மறித்திருக்கிறாள்.

"ஏலே முத்துப்பாண்டி, நாலு பேரு இருக்கவேண்டிய ரூம்புல ஏழு பேரு குமிஞ்சு கெடக்கோம். எண்ணத் தெரியலயா ஒனக்கு? ஞாயித்துக்கெழம வா, எங்க லைப்ரரியில சொல்லித் தாரோம்."

மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். சீசன் நேரம், லோடு ஏற லாரி நிற்கிறது, இவர்கள் சிரிக்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நான் நூலகத்துக்குப் போய் இசைவாணியிடம், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது தாயி" என்றேன். "கறிக்கு ஆகாட்டாலும் வெதைக்கு ஆகிருச்சே பெரியப்பா" என்றாள். அவளுக்கு அவ்வளவு பெருமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து கலெக்டருக்கு மனு எழுதப்போவதாகவும் சொன்னாள். தலைவர் என்ற முறையில் நானும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வாசித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

அதிகாரி வந்தால் ஆறு ரூமும் போகும், என் மகன் உள்ளே போவான். அதனால் அன்று மாதக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். தலைவருக்கு அந்த உரிமை உண்டு. விதிகளை வாசித்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தை எடுத்தேன். பதினொரு பெயர், எல்லாரும் என் மகனிடம் வேலை பார்க்கிறவர்கள். ஒருவர் துணையும் இல்லாமல் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் புள்ளி வைத்தேன். மகன் எழுதிக்கொண்டான்.

"இந்தப் பதினோரு பேரையும் ஒரே ரூம்புல போடு" என்றேன். "கடைசி ரூம்பு."

"பதினோரு பேரா? ஏழுக்கே பேசுதாளுக. அதுபோக, அங்கன விரிப்பே இல்லையேப்பா. மேற்கு வாசல்ல பெட்டிய அடுக்கி வச்சிருக்கு."

"அடுக்கினது அடுக்கினபடியே இருக்கட்டும். எண்ணத் தெரிஞ்சவளுக உள்ள இருந்து எண்ணட்டும். இஷ்டம் இல்லாதவ நாளையிலருந்து வேன்ல ஏற வேணாம்னு சொல்லு."

இதில் என் மகனைச் சேர்க்காதீர்கள். அவனுக்கு அவ்வளவு புத்தி கிடையாது. நான் யோசித்தது நியாயமாகத்தான் இருந்தது. அழுகின பழத்தைக் கூடையெல்லாம் பரப்பி வைத்தால் கூடையே போகும். ஒரு மூலையில் ஒதுக்கினால் மிச்சம் தேறும். அந்த ரூம் சீசன் முடியும்வரை தாங்காது என்று தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். போர்மேனாக இருந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா. பதினைந்து நாள் போகும் என்று கணக்குப் போட்டேன். மனு எழுதுவதற்குள் போனால் நல்லது என்றும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வேனை விட்டு இறங்கியதும் முருகம்மாள் அந்த ரூம் வாசலில் நின்று தலைகளை எண்ணினாளாம். "ஒண்ணுலருந்து பதினொண்ணு வரைக்கும் எண்ணிட்டேன்லே முத்துப்பாண்டி. ஞாயித்துக்கெழம மனுவுல இதையும் எழுதுவோம்" என்றாளாம். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சீசன் வேலையை விட யாருக்கு மனசு வரும். ஒருத்தி மட்டும் வாசலிலேயே நின்றிருக்கிறாள். லேபிள் பகுதியில் இருந்தவள், முத்துச்செல்வி. "அண்ணே, எனக்கு மருந்து வேலை தெரியாதுண்ணே. நான் பசை தடவுறவ. என்னய எதுக்கு இங்கன மாத்துதீக?" என்று என் மகனைக் கேட்டிருக்கிறாள். பட்டியலில் பெயர் இருக்கிறது, போ என்று சொல்லியிருக்கிறான். நான் சொன்னதைத்தானே அவன் செய்வான்.

அன்றே பதினொன்று பத்துக்குச் சத்தம் வந்தது. நான் நூலகத்தில் இருந்தேன். எந்தக் கம்பெனி, எந்த ரூம் என்று என் காது சொல்லிவிட்டது. மருந்து வாளியை வெறும் தரையில் இழுத்தால் வருகிற வினை அது. பழகிய கை தூக்கித்தான் வைக்கும். பழகாத கை இழுக்கும். இசைவாணி செருப்பைக்கூடப் போடாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் வாசித்துக்கொண்டிருந்த வரிக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, பேப்பரை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பதினொரு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. உள்குத்தகை என்பதால் கம்பெனியில் ஆள் கணக்கும் இல்லை. யார் உள்ளே இருந்தது, யார் எந்த உடல் என்று தெரியாமல் ஊர் அலறியது. சாயங்காலம் நான் தெருவில் நிற்கிறேன். முத்துச்செல்வி என் எதிரே மாரில் அடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நூலகத்துக்கு வருகிறவள், சீனிச்சாமி பெண்டாட்டி. செத்தவள் இன்னொரு முத்துச்செல்வி, சின்னச்சாமி பெண்டாட்டி. நூலகத்துப் படியை அவள் மிதித்ததே இல்லை. செத்தவள் தலைச்சுழி அப்படி என்றார்கள், பிழைத்தவள் தலைச்சுழி இப்படி என்றார்கள். எந்தச் சுழி என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் இசைவாணி பதிவேட்டைத் தேடி என் வீட்டுக்கு வந்தாள். ஆள் அடையாளம் காண அதிகாரிகளுக்கு உதவும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் சந்தேகப்படுவாள். அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பதினொரு பெயர், பதினொரு புள்ளி. புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். ஏழாவது பெயருக்கு முன்னால் இருந்த புருசன் பெயரின் இனிஷியலில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினாள்.

"இது சி இல்ல பெரியப்பா. சீ. மேல சுழி இருக்கு பாத்தீகளா?"

அவ்வளவுதான் சொன்னாள். நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. லேபிள்காரி ஒரு சுழியால் மருந்து ரூமுக்குப் போனாள். மருந்து பழகிய பதினொரு பேர் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த ரூம் போயிருக்காது. நான் போட்ட கணக்குப்படி இன்னும் பத்து, பதினைந்து நாள் தாங்கியிருக்கும். அதைக் கெடுத்தது யார்? ஆளை வைத்து எழுத்தைப் பிடி என்று சொன்னவள், ஒரே பெயரில் இரண்டு ஆள் இருந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சுழியை ஒரு தடவை காட்டினாள், அழுத்திக் காட்டினாளா? ஏழு மீன் புத்தகம் அனுப்பிய அரசாங்கம், தலைவருக்கு ஒரு கண்ணாடி அனுப்பியதா? அவளையும் கூப்பிட்டு விசாரியுங்கள். நூலகத்தை நடத்துகிற லட்சணம் இதுதான் என்று அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சின்னச்சாமி பெண்டாட்டி விசயத்தில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. அவள் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தில் இல்லாதவள். அவளுக்காக என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். மற்றவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்கள் பெயர் அதில் இருந்தது.

தாளைக் கொடுங்கள், வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பென்சிலும் வேண்டும். எழுத்து எனக்கு நன்றாகத் தெரிகிறது. பதினொன்றில் பத்தைச் சரியாக வாசித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு அது குறைச்சல் இல்லை.