குழியில் பிறந்த நாடகம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! மொஸ்ஸிப் பெருமக்களாகிய எங்களுக்குப் பரம்பரை அடிமையும், நாய்க்கறி என்றால் சப்புக்கொட்டுபவருமாகிய சாமோ குலச் செம்மலே! சிரிக்கிறார் பாருங்கள், சிரித்துத்தானே ஆகவேண்டும்? நம் இரு குலத்துக் கேலி உறவில் கோபித்தவர் தோற்றவர். ஊர்ப் பெரியோர்களே, சோளக்கள் காய்ச்சி எங்களைச் சான்றோராக்கிய தாய்மார்களே, வணக்கம்!

இதோ அமர்ந்திருக்கிறாரே, இன்று நாம் பாராட்ட வந்திருக்கும் அலிமா செர்போ, பெண்ணுக்காக அவர் எழுதாத நாடகம் உண்டா? ஏறாத நீதிமன்றப் படி உண்டா? தலைநகர் வகதூகுவின் பேரரங்கங்கள் எல்லாம் பின்னால் வந்தவை. அவருடைய முதல் நாடகம் என் அப்பாவுக்கு வெட்டிய குழியில் நடந்தது!

அப்பாவின் உடல் பாயில் கிடந்தது. மண் விழுமுன்னே என் சித்தப்பா அறிவித்தார்: வீடும் நிலமும் தனக்கு, கூடவே அண்ணியும் தனக்கு. இசையாவிட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் பிறந்தகம் போகலாம். என் தாய் தீப்போகோ மாட்டேன் என்றாள். ஊர் வாய் திறந்ததா? தொண்டையைச் செருமியது, அவ்வளவுதான்.

அலிமா எழுந்தார். அன்று அவர் எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை, சாமோப் பெண். அப்பாவின் சிவப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்தார். அவரைப் போலவே நொண்டினார், அவரைப் போலவே இருமினார், குழிக்குள் இறங்கி நீட்டிப் படுத்துவிட்டார்! இழவில் கேலி உறவினர் இறந்தவராக நடிப்பதும், கேட்டது கிடைக்கும்வரை புதைக்க விடாமல் மறிப்பதும் நம் வழக்கம்தானே? சித்தப்பா கோழியை நீட்டினார். வேண்டாம் என்றது குழி. ஆட்டை இழுத்து வந்தார்.

"ஆட்ட நீயே தின்னுடா தம்பி. எம் பொண்டாட்டி எம் வீட்டுல இருப்பா, எம் நெலத்த உழுவா. ஊரு முன்னால சொல்லு, எந்திரிக்கிறேன். இல்லன்னா மேல கெடக்குறவன வேற எங்கயாச்சும் பொதைங்க. எனக்கு இங்க சொகமாத்தான் இருக்கு."

ஊரே சிரித்தது. அழுதுகொண்டிருந்த என் தாயும் சிரித்தாள். சித்தப்பா கோபிக்கலாமா? கூடாது. இழுத்து வெளியே போடலாமா? கூடவே கூடாது. வெயில் ஏறியது, பிணம் காத்திருந்தது. அன்றைய ஊர்த்தலைவர் பொறுமை இழந்தார்.

"சொல்லித் தொலைடா. ஒங்கண்ணன் உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான் அடம் புடிப்பான்."

சித்தப்பா சொன்னார். அந்த நிலத்துக் கம்பைத் தின்று வளர்ந்த மகள்தான் உங்கள் முன் நிற்கிறேன்!

தலைவர் மணியடிக்கிறார், நேரமாகிவிட்டதாம். ஐயா, அதோ தாய்மார் வரிசையில் லாமூசா இருக்கிறாள். கணவனைப் புதைத்த கையோடு அவள் கதவுக்குக் கொழுந்தன்மார் பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஊர் நிலக்குழுவின் தலைவரும் தாங்கள்தான். மழை வரட்டும் பார்க்கலாம் என்கிறீர்கள். மழை வந்தால் அவள் எங்கே ஒதுங்குவாள் ஐயா? நானும் உங்களுக்குக் கேலி உறவுதானே? இதோ, மேடையிலேயே படுத்துவிட்டேன். கோழி வேண்டாம், ஆடும் வேண்டாம்!

என்ன முணுமுணுக்கிறீர்கள்? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், ஊர் கேட்கட்டும்.

"கூட்டம் முடிஞ்சதும் நானே போயி பூட்டத் தெறக்கிறேன். எந்திரி, கழுதத்தல தின்னி."

கேட்டீர்களா தாய்மார்களே? எழுந்துவிட்டேன். அலிமாவுக்கு என் வாழ்த்து, உங்களுக்கு என் நன்றி. லாமூசா, தலைவர் பின்னாலேயே போ. வணக்கம்!