சொந்த ரத்தம்

உங்கள் வீட்டுக் காபியில் சர்க்கரை சரியாக இருக்கிறது, ராணியம்மா. பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் வரை நின்றுகொண்டே வந்தவளுக்கு இது அமிர்தம். என் தங்கை ரேவதி, தன் மகள் அன்புச்செல்வியை உங்கள் சரவணகுமாருக்கு நிச்சயம் செய்துவிட்டு, பிறகு ஏன் முறித்துக்கொண்டாள் என்று ஊரெல்லாம் விசாரித்தீர்களாம். ஊரைக் கேட்டு என்ன பயன்? காரணம் நான்தான்.

நிச்சயதார்த்தத்தன்றுதான் நீங்கள் என்னை முதன்முதலாகப் பார்த்தீர்கள். ரேவதியிடம், "உங்க அம்மாவும் வந்திருக்காங்களே, சந்தோஷம்" என்றீர்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அவளுக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தில் ஆரத்தித் தட்டோடு முன்னால் நிற்கப்போகிற பெரியம்மா நான். வீடியோவில் அந்த முகம் ஆயுசுக்கும் இருக்கும்.

மறுநாளே எங்கள் ஊர்க் கோயிலின் பே கோபுரம் பக்கம் புதிதாக வந்திருக்கும் தோல் கிளினிக்குக்குப் போனேன். ரத்தத்தை மெஷினில் சுற்றி, மேலே தெளிந்து நிற்பதை ஊசியால் முகத்தில் ஏற்றுவார்களாம். அதில் இரண்டு வகை. பி.ஆர்.பி. நீர்க்க இருக்கும். பி.ஆர்.எஃப். கெட்டியாக இருக்கும், நின்று வேலை செய்யும். மோருக்கும் தயிருக்கும் உள்ள வித்தியாசம். தயிர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். யாருடைய ரத்தமோ என்பதுதான் உறுத்தலாக இருந்தது.

"பயப்படாதீங்கம்மா. ரெண்டுமே சொந்த ரத்தத்துலதான் பண்றோம். வெளி ரத்தம் சேர்க்கவே மாட்டோம்" என்றார் டாக்டரம்மா.

நியாயம்தானே. சொந்தத்தில் யார் என்று பஸ் ஸ்டாண்ட் வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். அண்ணன் இருசப்பனின் ரத்தம் என்றால் அவன் முகத்து முண்டும் முடிச்சும் கூடவே வந்துவிடும். ரேவதி கொடுப்பாள், கொடுத்ததை ஊர் முழுக்கச் சொல்லுவாள். மிச்சம் அன்புச்செல்வி. அவள் கன்னத்தில் ஒரு பரு வந்து நான் பார்த்ததில்லை. இளம் உடம்பு, எடுத்தால் ஊறிவிடும்.

பெரியம்மாவின் முகத்துக்கு என்று கேட்க வெட்கமாக இருந்தது. அதனால், "மாப்பிள்ளை வீட்ல உன் ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்னு சொல்றாங்கடி. ரிப்போர்ட்டு நல்லா இருந்தாதான் கல்யாணமாம். உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம், கத்துவா" என்றேன். குழந்தை மறுபேச்சில்லாமல் கையை நீட்டினாள். பக்கத்துத் தெரு லேபிலிருந்து ஜாஹிரா வந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டரிடம் நானே கொடுத்துக்கொள்கிறேன் என்று குழாயை வாங்கி, ஐஸ் போட்ட டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப் போனேன்.

டாக்டரம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரோடது?"

"சொந்த ரத்தம்தாங்க. கூடப்பொறந்த தங்கச்சி பொண்ணு."

அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்தாள். சொந்த ரத்தம் என்றால் என் உடம்பில் ஓடுவதாம். அன்புச்செல்வியுடையதைக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டு என் கையிலிருந்தே எடுத்தார். எனக்கு வருத்தம்தான். நல்ல ரத்தம் வீணாயிற்று.

ஊசி போட்டு, முகம் பூரியாக உப்பி, வீட்டில் படுத்திருந்தபோது ரேவதி போன் செய்தாள். மகள் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக் குடைந்திருக்கிறாள். பெண் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அவங்க நிஜமாவே டெஸ்ட் பண்ணச் சொன்னாங்களா? எம் பொண்ணு என்ன சந்தையில புடிக்கிற மாடா? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன்."

ஒரு வார்த்தைதான் கேட்டாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. மாதம் ஒன்றாக மூன்று முறை போட்டால்தான் முகம் தெளியுமாம். அது மார்கழி. கல்யாணமோ தையில். அரைகுறை முகத்தோடு எப்படி நிற்பது?

"ஆமாடி, பிடிவாதமாத்தான் கேக்கறாங்க. ஜாஸ்தி பேசுறாங்க" என்றேன்.

அன்றே ரேவதி உங்களுக்குப் போன் செய்து, காரணம்கூடச் சொல்லாமல் முறித்தாள். அன்புச்செல்வி இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அழுதால் கண்ணுக்குக் கீழே பை விழும் என்று நான்தான் கூடவே இருந்து எடுத்துச் சொல்கிறேன். வேறு யார் சொல்வார்கள்?

நீங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் சரவணகுமாருக்கும் இன்னும் இடம் அமையவில்லை என்றார்கள். ஆகவே எதுவும் கெட்டுப்போகவில்லை. ரேவதியிடம் நான் பேசிக்கொள்கிறேன். ரத்தம் கேட்டது தப்புதான் என்று நீங்கள் வருத்தப்பட்டதாகச் சொன்னால் இறங்கிவிடுவாள். மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று. இப்படி ஜன்னல் பக்கம் வருகிறேன், நன்றாகப் பாருங்கள். வைகாசியில் எந்த முகூர்த்தம் வைத்தாலும் எனக்கு வசதிதான்.