டென்ஸிலின் நிக்கல் வண்டி

நிக்கல் பூசிய இரும்பை வெறுங்கையால் தொட்டால் விரல்தடம் விழுந்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் ஒரு மங்கல் நிற்கும். அதனால்தான், சார்ஜன்ட் ஐயா, உங்கள் ஆள் கொட்டகையில் அந்த வண்டியைத் தொடப் போனபோது துணியை நீட்டினேன். தடயத்தை அழிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அழிப்பதாக இருந்தால் எனக்கு இருபத்திரண்டு வருடம் இருந்ததே.

என் பெயர் வில்ஃப்ரெட் டானர். அறுபத்தொரு வயது. மென்டிப் மேட்டில் டிராக்டர் பழுது பார்ப்பது பிழைப்பு. மோட்டார் சைக்கிள் ஃபிரேம் கட்டியது ஆசைக்காக. மொத்தம் மூன்று கட்டினேன், இது மூன்றாவது. குழாய்களை வளைத்து, வெண்கலத்தால் பற்றவைத்து, நிக்கல் பூசி, ஐந்நூறு சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜினை அதில் உட்கார வைத்தேன். எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. மேல்குழாய்க்குள்ளேயே எண்ணெய் ஓடும். டென்ஸில் கூம்ப் என்பவனுக்காகவே கட்டியது.

டென்ஸில் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்று மேடுகளில் பந்தயம் ஓட்டுவான். மற்றவர்கள் மேட்டோடு மல்லுக்கட்டுவார்கள். அவன் சொந்த வீட்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறிவிடுவான். அப்படியும் திருப்தி கிடையாது.

“இன்னும் கொஞ்சம் இழுவை குடுப்பா வில்ஃப். கடைசி ஏத்தத்துல அந்த வில்ட்ஷயர் தடியன் என் வாயில சேத்தை ஊட்டிட்டுப் போறான்.”

“வாயை மூடிக்கிட்டு ஓட்டு. சேறு உள்ள போகாது” என்பேன். ஆனால் அடுத்த வாரமே செய்து கொடுத்துவிடுவேன். பெரிய கார்புரேட்டர், அழுத்தம் கூட்டும் பிஸ்டன், நானே தேய்த்தெடுத்த கேம்ஷாஃப்ட். தினமும் பால் ஊற்றி முடித்ததும் நேரே என் கொட்டகைக்கு வந்துவிடுவான். இரண்டு பேரும் டீ குடிப்போம். அதைத் தவிர எனக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

அறுபத்தாறாம் வருடம் மே மாதம் அவனுக்கு ஸ்வீடனிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஓர் அணி தங்கள் வண்டியை ஓட்ட ஆள் தேடியது. ஜூன் பந்தயத்தைப் பார்க்க ஆள் அனுப்புவதாக எழுதியிருந்தார்கள்.

“ஒன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு ஓடி வந்தேன். மேவிஸ்கிட்டகூட இன்னும் சொல்லல” என்றான். மேவிஸ் அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண். “நான் போயிட்டா இந்த வண்டியை நல்லவனா பாத்துக் குடுத்துடு, என்ன?”

சந்தோஷம் என்று சொல்லி அவன் கோப்பையில் டீ ஊற்றினேன்.

பந்தயத்துக்கு முன்னால் கீழ்க்குழாயில் விரிசல் விழுந்திருந்தது. கூட்டிய சக்தியை ஃபிரேம் தாங்கவில்லை என்று பந்தயத்துக்குப் பிறகு சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். விரிசல் என்பது சரியான சொல் அல்ல. சனிக்கிழமை மத்தியானம், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. ரம்பத்தால் ஆறு இழுப்பு. மேல்குழாயில் கை வைக்கவில்லை, எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். வெட்டில் ஈயத்தை உருக்கி நிரப்பி, தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அரை மணி நேர வேலை.

ஏற்றத்தில் வண்டி உடைந்து நிற்கும், ஸ்வீடன்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார், அவ்வளவுதான் நினைத்தேன் என்று இப்போது சொல்லலாம். எனக்கு நானே பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஃபிரேமைக் கட்டியவன் நான். ஏற்றத்தில் கீழ்க்குழாய்க்குப் பெரிய வேலை கிடையாது. பள்ளத்தைத் தாண்டிப் பறந்து தரையில் இறங்கும்போதுதான் மொத்தப் பாரமும் அதன் மேல் விழும். வழக்கமாகத் தொடக்கக் கோட்டில் நிற்கிறவன், அன்று பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

மேவிஸ் என் கையைப் பார்த்தாள். “ஜூன் மாசத்துல எதுக்கு வில்ஃப் கம்பளிப் போர்வை?”

“புல்லு ஈரமா இருக்கும்மா” என்றேன்.

நாலாவது சுற்றில் நடந்தது. முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் நான்தான். யாரும் அவன் கழுத்தை அசைக்காதீர்கள் என்று கத்தியதும் நான்தான். கம்பளியைப் போர்த்தினேன். கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் தெரியவில்லை.

பதினோரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். பிறகு என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலை இடித்து அகலமாக்கினேன். சக்கர நாற்காலியை நானே கட்டினேன். பாதிரியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். ஞாயிறுதோறும் மேவிஸ் வருவாள். சனிக்கிழமை மாலையே “மோவாயை நல்லா மழிச்சு விடுப்பா” என்பான். இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒரு ஞாயிறு அவளை வெளிவாசலிலேயே நிறுத்தினேன்.

“உன்னைப் பாத்தா அவனுக்குத் தாங்கலம்மா. வர வேணாம்னு சொல்லச் சொன்னான்.”

அவன் அப்படிச் சொல்லவில்லை. அழுதுகொண்டே போனாள். அவளுக்கு வேறு ஒருவன் கிடைத்துவிட்டான் என்று இவனிடம் சொன்னேன். “நல்லதுதான், பாவம்” என்றான். அதற்கு மேல் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் மழிக்கச் சொல்வதும் நின்றது.

என் மேல் அவனுக்குக் கோபமே கிடையாது. அதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. முட்டையை ஊட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொல்வான்: “நான்தானே இன்னும் இன்னும்னு கேட்டேன். எவ்வளவு ஆசையா கட்டுன ஃபிரேம். ஒடச்சுட்டேனே வில்ஃப்.”

“விடு, பரவால்ல” என்பேன்.

இந்தப் பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டான். அதற்கு முந்தின நாளும் மூச்சு வாங்க வாங்க அதையே சொன்னான். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன் என்றான். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். முகம் தெளிந்து தூங்கிப்போனான்.

பிரிஸ்டலிலிருந்து பழைய வண்டி வாங்குகிறவர் வந்து, உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பாதி உடைப்பு, பாதி வெட்டு என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். தேர்ந்த கண். அவர் சொன்னது சரி. வெட்டியது நான். எங்கே உடையும், எப்போது உடையும் என்று தெரிந்தேதான் வெட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அதோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். என் வீட்டில் இருந்த இருபத்தோரு வருடத்தில் அவன் முதுகில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. தினமும் நாலு தடவை புரட்டிப் போட்டேன். அந்த ஸ்வீடனில் அவனை யார் ஐயா இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?